கடனும் பூட்டும்

பூட்டு காவலுக்குரிய பொருள். தன் உடைமையைப் பிறர் கவராமல் காத்துக்கொள்ள மனிதன் பூட்டைக் கண்டான். வீடு எவருடையதோ திறவுகோலும் அவருடையதே என்பது தலைமுறை தலைமுறையாக நாம் அறிந்துவந்த முறை. பொருள் ஒருவர் கையிலும் அதன் திறவுகோல் மற்றொருவர் கையிலும் இருக்குமாயின், அங்கே இரண்டில் ஒன்று நிகழ்ந்திருக்கவேண்டும். அப்பொருள் ஏதோ ஒரு கடனுக்கு ஈடாக நிற்கின்றது. அன்றேல், உரியவருக்கு அநீதி இழைக்கப்படுகின்றது. மூன்றாவது காரணமொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய பூட்டொன்று ஓசையின்றி நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கின்றது. கடல் கடந்து பொருளீட்டும் நம் பிள்ளைகள், பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் அன்புடன் அனுப்பிவைக்கும் கைப்பேசிகளுள் சிலவற்றில் அது மறைந்திருக்கின்றது. 'சிம் லாக்' என்றும் 'நெட்வொர்க் லாக்' என்றும் கடைக்காரர்கள் அதனைக் கூறுவர். நிறுவனப் பூட்டு என்று நாம் அழைப்போம். அதன் இயல்பு யாது, அதைத் திறக்கும் உரிமை எவருக்கு, எப்போது என்பவற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், இது வெறும் கருவியைப்பற்றிய செய்தியன்று. கொடுக்கல் வாங்கலைப்பற்றிய செய்தி.

பூட்டுகள் பலவகை

'இந்த ஃபோன் லாக் ஆகிவிட்டது' என்று ஒருவர் கூறும்போது, எந்தப் பூட்டைக் குறிப்பிடுகின்றார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். திரையின்மீது விரலை வைத்தோ எண்ணை அழுத்தியோ திறக்கின்ற பூட்டு, உடையவர் தாமே இட்டுக்கொண்டது. அடுத்தது கணக்குப் பூட்டு. கூகுள், ஆப்பிள் முதலிய நிறுவனங்களில் முன்னைய உரிமையாளர் வைத்திருக்கும் கணக்கோடு கைப்பேசி பிணைக்கப்பட்டிருக்கும். அவருடைய கடவுச்சொல் இல்லாமல் கருவி பிறருக்குப் பயன்படாது. திருடனுக்குப் பயன்படக்கூடாது என்பதற்காகவே அது ஏற்பட்டது.

மூன்றாவதுதான் நிறுவனப் பூட்டு. இதிலே திரை திறக்கும், படம் எடுக்கலாம், வைஃபை இருந்தால் உலகத்தோடு உரையாடவும் செய்யலாம். ஆனால், விற்ற நிறுவனத்தின் சிம் அட்டையைத் தவிர வேறோர் அட்டையை அது ஏற்காது. இம்மூன்றுக்கும் அப்பால் தடைப்பட்டியல் என்று ஒன்றுண்டு. களவு போன கைப்பேசியின் எண்ணை அதில் சேர்த்துவிட்டால், பூட்டே இல்லாத கருவியும் ஊமையாகிவிடும். இந்நான்கையும் 'அன்லாக்' என்ற ஒரே சொல்லால் குழப்பிக்கொள்வதனாலேயே பலர் பணத்தை இழக்கின்றனர்.

நிறுவனப் பூட்டு இயங்கும் விதம் மிக எளியது. ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும், நாம் பேசும் எண்ணுக்கு வேறான ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கின்றது. 15 இலக்கங்கள் வரை நீளும் அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, சவூதி அரேபியாவுக்கு 420, ஐக்கிய அமீரகத்துக்கு 424, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. அவற்றையடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். அட்டையைச் செருகியதும் கைப்பேசி இவ்விலக்கங்களைப் படித்துப் பார்க்கின்றது. தனக்கு அனுமதிக்கப்பட்ட நிறுவனம் என்றால் வரவேற்கின்றது. இல்லையேல் கதவை அடைத்துவிடுகின்றது. ஊர்ப்பெயரைக் கேட்டு உள்ளே விடும் வாயிற்காவலனைப் போன்றது அதன் வேலை.

அக்காவலனை அகற்றும் முறைகளும் காலத்துக்குக் காலம் மாறின. பழைய கைப்பேசிகளுக்கு ஓர் இரகசிய எண் இருந்தது. நிறுவனம் அதனைத் தந்தால், அழுத்தியவுடன் பூட்டு நீங்கும். தவறான எண்ணைச் சில முறை அழுத்திவிட்டாலோ, அந்த வழியே நிரந்தரமாக அடைபடும். இக்காலக் கருவிகள் பலவற்றில் எண் என்பதே இல்லை. ஐஃபோன் பூட்டப்பட்டதா, திறக்கப்பட்டதா என்ற விவரம் ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலே பதிவாகியுள்ளது. விற்ற தொலைபேசி நிறுவனம் 'திறந்துவிடுக' என்று அறிவித்தால் அங்கே பதிவு மாறும். பின்னர் கைப்பேசியும் மாறும். திறவுகோல் இப்போது நம் ஊரில் இல்லை, கருவிக்குள்ளும் இல்லை. கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஏட்டில் இருக்கின்றது.

ஏன் பூட்டினர்?

கைப்பேசியின் முழு விலையையும் ஒரே நாளில் கொடுத்து வாங்குவது எல்லோருக்கும் இயலாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் தொலைபேசி நிறுவனங்கள் இதற்கொரு வழி கண்டன. கருவியைக் குறைந்த விலைக்கோ, விலையின்றியோ கொடுப்பர். வாங்கியவர் இத்தனை மாதம் எங்களிடமே இணைப்பு வைத்திருக்கவேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்வர். இப்போது 24 அல்லது 36 மாதத் தவணை என்று வெளிப்படையாகவே எழுதுகின்றனர். 'இலவசம்' என்று விளம்பரத்தில் மின்னும் கைப்பேசியின் விலை, மாதக் கட்டணத்தில் கலந்து மெல்ல மெல்ல வசூலாகின்றது. தவணை முடியும் முன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடக்கூடாதே என்ற அச்சத்தில் பிறந்தது அந்தப் பூட்டு.

ஆக, அது கடனுக்கு இட்ட பூட்டு. கடனுக்குப் பிணை கேட்பது நம் மார்க்கம் அறியாத ஒன்றன்று. திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில், கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும், எழுதுபவர் நீதியுடன் எழுதவேண்டும், சாட்சிகள் இருக்கவேண்டும் என்று அது வகுத்துரைக்கின்றது. அதற்கு அடுத்த வசனம், பயணத்திலே எழுதுபவர் கிடைக்காதபோது ஈடு பெற்றுக்கொள்வதைப்பற்றிப் பேசுகின்றது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தம் குடும்பத்துக்கு வேண்டிய வாற்கோதுமைக்காகத் தம் கவசத்தை ஒரு யூதரிடம் ஈடாக வைத்திருந்தார்கள் என்பதும், அவர்கள் மறைந்தபோது அக்கவசம் ஈட்டிலேயே இருந்தது என்பதும் நபிமொழித் தொகுப்புகளில் பதிவான வரலாறு.

ஈடு என்பதற்கு இரண்டு முகங்கள் உள்ளன. கடன் தீரும்வரை அதனை மீட்டுக்கொள்ளக் கடனாளிக்கு உரிமையில்லை. கடன் தீர்ந்த பின்னர் அதனை வைத்துக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கும் உரிமையில்லை. ஷாஃபியீ மத்ஹபுச் சட்ட நூல்கள், ஈடாகப் பெற்ற பொருளைக் கடன் கொடுத்தவர் கையிலுள்ள அமானிதம் என்றே கூறுகின்றன. கைப்பேசி நம் கையில் இருக்க, அதன் உரிமையில் ஒரு பகுதி மட்டும் நிறுவனத்திடம் நிற்கின்ற இப்புதிய ஏற்பாட்டை, பழைய ஈட்டோடு முழுக்க முழுக்கப் பொருத்திவிட முடியாது. அதற்குரிய தீர்ப்பை ஆலிம்கள்தாம் வழங்கவேண்டும். எனினும், நீதியின் நிழல் இரண்டிலும் ஒன்றாகவே விழுகின்றது.

ஒரு தாயின் கேள்வி

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் அறிந்துகொள்ளவில்லை. என் மூத்த சகோதரி கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் பணிபுரிகின்றார். உம்மாவின் பழைய கைப்பேசியில் முகம் மங்கலாகத் தெரிகின்றது என்பதற்காக, விடுமுறையில் ஊர் வந்த நண்பரிடம் விலையுயர்ந்த கைப்பேசி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊர்ச் சிம் அட்டையைச் செருகினோம். அட்டை செல்லாது என்ற அறிவிப்புத்தான் வந்தது. வீட்டில் வைஃபையும் கிடையாது. மகனுடைய முகத்தைக் காட்டவேண்டிய கருவி, ஒரு கறுப்புக் கண்ணாடியாக மேசைமேல் கிடந்தது.

கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞரிடம் கொண்டுசென்றேன். அவர் கண்ட மாத்திரத்தில், "சாச்சா, இது அமெரிக்கக் கம்பெனி போட்ட லாக். தவணை பாக்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பட்டணத்தில் திறந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படித் திறக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார். அவர் குறிப்பிட்ட வழிகளைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். சிம் அட்டைக்கு அடியில் மெல்லிய சில்லு ஒன்றை வைத்து, கைப்பேசியை ஏமாற்றுவது ஒரு வழி. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் அது செயலற்றுப் போகலாம். கருவியின் அடையாள எண்ணையே மாற்றிவிடுவது இன்னொரு வழி. அது நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

செய்தியைச் சகோதரியிடம் கூறினேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இதிலே நாம் யாருக்காவது கொடுக்கவேண்டியது பாக்கி இருக்கிறதா?"

மகனிடம் கேட்டோம். 24 தவணைகளில் 14 முடிந்திருந்தன, 10 எஞ்சியிருந்தன. "மாமா, இங்கே எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறோம். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து போய்விடும், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார் அவர். அவர் கூறியதில் பொய்யில்லை. தவணையை ஒழுங்காகச் செலுத்திவருபவர் அவர். ஆனால் என் சகோதரி, "கடன் தீரட்டும் லாத்தா என்று நீயே சொல்ல வேண்டியதுதானே, தம்பி. அதுவரை எனக்குப் பழையதே போதும். மங்கலாகத் தெரிந்தாலும் என் பிள்ளை முகம் எனக்குத் தெரியாதா?" என்று கூறி, அந்தக் கைப்பேசியை உறையிலிட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

மகனால் அதைத் தாங்கமுடியவில்லை. அடுத்த மாதமே எஞ்சிய தொகையை ஒருசேரச் செலுத்தினார். பூட்டை நீக்கும்படி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இரண்டொரு நாளில் அனுமதி வந்தது. எவரும் கருவியைப் பிரிக்கவில்லை. எவருக்கும் இரகசியமாகப் பணம் கொடுக்கவில்லை. கடன் தீர்ந்தது, பூட்டும் திறந்தது. படிப்பறிவு குறைந்த ஒரு தாய், சட்ட வல்லுநர்கள் பல்லாண்டு வாதிட்ட ஒன்றின் உட்பொருளை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார் என்று எண்ணி வியந்தேன்.

மறுபக்கம்

நாணயம் ஒருபக்கத்து அறமாக மட்டும் நின்றுவிடக்கூடாது. என் நண்பர் ஒருவருடைய மகன், வேறொரு நாட்டில் வாங்கிய கைப்பேசியின் விலையை முழுவதும் செலுத்தி முடித்தவர். ஊர் திரும்பிய பின் பூட்டை நீக்கக் கேட்டபோது, அவருடைய இணைப்பு முடிந்துவிட்டதென்றும், பழைய இரசீதுகளை அனுப்புமாறும் அந்நிறுவனம் அலைக்கழித்தது. மூன்று மாதங்கள் கடிதப் போக்குவரத்திலே கழிந்தன. கடனாளி தவணை தவறினால் தண்டம் வசூலிக்கும் நிறுவனம், தான் கொடுக்கவேண்டிய திறவுகோலைத் தாமதித்ததற்கு யாது தண்டம் கொடுத்தது? ஒன்றுமில்லை.

இந்த அநீதியை உணர்ந்து உலகம் மெல்ல மெல்லச் சட்டம் செய்துவருகின்றது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்தது. நூல்களுக்கும் படங்களுக்கும் காவலாக எழுந்த அச்சட்டம், கைப்பேசியின் பூட்டையும் வளைத்துக்கொண்டது. 2006இல் கைப்பேசிக்கு விலக்கு அளித்தனர். 2010இல் அதனை நீட்டித்தனர். 2012இல் அதனை முடிவுக்குக் கொண்டுவந்தனர். 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய கைப்பேசியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது சட்டவிரோதமாயிற்று. விலை கொடுத்து வாங்கிய பொருளின் பூட்டைத் திறக்கத் தமக்கு உரிமையில்லையா என்று மக்கள் வெகுண்டெழுந்தனர். 1,14,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட விண்ணப்பம் வெள்ளை மாளிகைக்குச் சென்றது. அதன் விளைவாக எழுந்த சட்டத்தில் 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். ஆனால் அச்சட்டமும், தவணை முடியாத ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள எவருக்கும் அனுமதி தரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

கனடா மேலும் ஓரடி எடுத்துவைத்தது. அங்கே 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைப்பேசிகளைப் பூட்டின்றியே விற்கவேண்டும். முன்பு விற்றவற்றையும் கட்டணமின்றித் திறந்து கொடுக்கவேண்டும் என்று விதித்தனர். பிரிட்டனில் சில நிறுவனங்கள் பூட்டை நீக்குவதற்குச் சுமார் 10 பவுன் வாங்கிவந்தன. திறக்க முயன்றவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இடர்ப்பட்டனர் என்று அந்நாட்டுத் தொடர்புத்துறை ஆணையமான ஆஃப்காம் கண்டது. 2021 டிசம்பர் முதல் பூட்டிய கைப்பேசிகளை விற்பதே அங்கே தடைசெய்யப்பட்டது. இந்நாடுகளில் தவணை வணிகம் அழிந்துவிடவில்லை. பூட்டில்லாமலும் கடன் கொடுக்கலாம், ஒப்பந்தமே போதிய பிணை என்பது இதனால் விளங்குகின்றது.

நம் நாட்டில் பெரும்பாலோர் முழு விலை கொடுத்தே கைப்பேசி வாங்கியதால், இப்பூட்டு இங்கே வேரூன்றவில்லை. எனினும் இரண்டு எடுத்துக்காட்டுகள் நினைவிற்கொள்ளத் தக்கவை. 2008 ஆகஸ்டில் ஐஃபோன் முதன்முதலாக இந்தியச் சந்தைக்கு வந்தபோது, அமெரிக்காவில் இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலருக்குக் கிடைத்த அக்கருவி இங்கே 31,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அத்தனை விலை கொடுத்தும், அது விற்ற நிறுவனத்தின் இணைப்போடு பூட்டப்பட்டிருந்தது. சலுகை இல்லை, கடன் இல்லை. பூட்டு மட்டும் இருந்தது. 2017இல் வந்த ஜியோ கைப்பேசி வேறுவிதமானது. 1,500 ரூபாய் வைப்புத்தொகை கொடுத்து வாங்கவேண்டும். மூன்றாண்டுக்குப் பின் அத்தொகையைத் திரும்பப் பெறலாம். வேறு நிறுவனத்தின் அட்டை அதில் செல்லாது என்பதை அறிவித்தனர். முன்னது ஈடில்லாத பூட்டு. பின்னது நிபந்தனை கூறி இட்ட பூட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

வெளிநாட்டிலிருந்து கைப்பேசி அனுப்பும் பிள்ளைகள், அது பூட்டற்றதுதானா என்று உறுதிசெய்த பின்னரே அனுப்பவேண்டும். ஐஃபோனில் அமைப்புகளுக்குள் கருவியைப்பற்றிய பகுதியில், சிம் கட்டுப்பாடு உண்டா, இல்லையா என்பது எழுதப்பட்டிருக்கும். எந்தக் கைப்பேசியானாலும், வேறொரு நிறுவனத்தின் அட்டையைச் செருகிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. தவணை பாக்கியிருந்தால் தீர்த்துவிட்டு, இணைப்பு உயிரோடு இருக்கும்போதே, அந்நாட்டில் இருக்கும்போதே, பூட்டை நீக்கக் கேட்பது எளிது. இரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் 2022ஆம் ஆண்டு வந்த 14ஆம் வரிசை முதல் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. மின்வடிவச் சிம் மட்டுமே உண்டு. பூட்டு இல்லாவிட்டாலும், இங்குள்ள நிறுவனத்திடம் அவ்வகை இணைப்பைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கும் என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# என்று அழுத்தினால், 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அக்கருவி தடைப்பட்டியலில் உள்ளதா என்று அரசின் ஏட்டிலிருந்து விடை வரும். எந்தப் பூட்டையும் திறப்பேன் என்று கூறுபவரிடம், எதைத் திறக்கின்றார், எவ்வாறு திறக்கின்றார் என்று கேட்க நாம் கூசக்கூடாது. கணக்குப் பூட்டுள்ள கைப்பேசி மலிவாகக் கிடைக்கின்றதென்றால், அது எவருடைய கண்ணீரோ என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வணிகர்களாகிய நம்மவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தவணைக்குப் பொருள் கொடுப்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றார்கள். நிபந்தனையை வாங்குபவர் படிக்கும் மொழியில் எழுதி, அவருக்குப் புரியும்படி சொல்லி, கடைசித் தவணை வந்த அன்றே பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது ஒரு நன்மை மட்டுமன்று, கடமை. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியின் கருத்து, வாங்குபவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு விற்பவருக்கும் பொருந்தும்.

கருவிகள் மாறும், பூட்டின் வடிவங்களும் மாறும். நாளை எந்தப் பொருளுக்குள் எந்தப் பூட்டு வருமோ, நாம் அறியோம். ஆனால், அதன்முன் நின்று கேட்கவேண்டிய கேள்விகள் மாறப்போவதில்லை. நான் கொடுக்கவேண்டியது ஏதேனும் உண்டா? உண்டென்றால், பூட்டைத் தொட எனக்கு உரிமையில்லை. கொடுத்து முடித்துவிட்டேனா? முடித்துவிட்டேன் என்றால், திறவுகோலைத் தர மறுக்க எவருக்கும் உரிமையில்லை. இவ்விரு கேள்விகளையும் அஞ்சாமல் கேட்கவும், அவற்றின் விடைக்கு நேர்மையுடன் கட்டுப்படவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!